மடையும் படித்துறையும்: தாமிரபரணியில் நினைவும் நீர்ப்பொறுப்பும்

கேள்வி

பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடல்சேரும் தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 125 கிலோமீட்டர்தான். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் அதற்கு நீர் தருகின்றன. தமிழகத்துப் பேராறுகள் பலவற்றைப் போலன்றி, அதன் தலையும் கடையும் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. அதனால் ஆற்றின் கேட்டுக்கு அண்டை மாநிலத்தைக் கைகாட்ட வழியில்லை. ஆற்றுக்கு நாம் செய்வது என்ன என்பதை மறைப்பின்றிக் காட்டும் ஆறு இது.

இதன் கரையில் ஆதிச்சநல்லூரும் சிவகளையும் கொற்கையும் உள்ளன. நவகைலாயமும் நவதிருப்பதியும் இதே கரையில்தான். எட்டு அணைக்கட்டுகளும் அவற்றிலிருந்து பிரியும் பதினொரு கால்களும் ஏறத்தாழ 86,000 ஏக்கர் நஞ்சைக்கு நீர் தருகின்றன. பண்பாட்டு நினைவு செறிந்த ஆற்றுநிலம் இது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இவ்வளவு நினைவைச் சுமக்கும் ஆற்றில்தான் நகரச் சாக்கடை கலக்கிறது, படுகை மணல் அள்ளப்பட்டது, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்வதில்லை. நினைவு ஆற்றைக் காக்கும் என்று பொதுவாக நம்புகிறோம். எந்த நினைவு காக்கிறது, எது காக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வேலையாலும் உரிமையாலும் கடமையாலும் ஆற்றோடு பிணைந்திருக்கும் நினைவுக்கே ஆற்றைக் காக்கும் வலு உண்டு என்பது என் கருத்து. அந்தப் பிணைப்பு அறுந்துவிட்டால், எவ்வளவு தொன்மையான நினைவும் ஆற்றுக்குப் பயன்படுவதில்லை. சில இடங்களில் சுமையாகவும் ஆகிவிடுகிறது.

இதுவரையான பார்வைகள்

நினைவு தனிமனித மூளைக்குள் மட்டும் இருப்பதன்று, குழுவாழ்வின் சட்டகங்களில் நிற்பது என்று 1925-இல் எழுதினார் பிரெஞ்சுச் சமூகவியலர் மோரிஸ் ஆல்ப்வாக்ஸ். அவரைப் பின்பற்றிய யான் அஸ்மன், மூன்று நான்கு தலைமுறைவரை வாய்மொழியாக வாழும் நினைவையும், சடங்கு, நூல், கட்டடம் ஆகியவற்றில் நிலைபெற்ற பண்பாட்டு நினைவையும் பிரித்துக் காட்டினார். 1992-இல் யுனெஸ்கோ தன் உலக மரபுச் சின்னங்களுக்குள் 'பண்பாட்டு நிலக்காட்சி' என்ற வகையைச் சேர்த்தது. கட்டடத்தை மட்டுமன்றி மனிதரும் இயற்கையும் சேர்ந்து உருவாக்கிய நிலத்தையும் மரபாகக் கொள்ளலாம் என்ற ஏற்பு அது. அதற்கு ஐந்தாண்டு முன்னர் வந்த புருன்ட்லன்ட் அறிக்கை, வருந்தலைமுறையின் தேவைக்கு ஊறு செய்யாத வளர்ச்சி என்ற வரையறையைத் தந்திருந்தது.

இவ்விரு சிந்தனை ஓட்டங்களையும் இணைத்து, மரபு வளர்ச்சிக்குத் துணை என்று சொல்வது இன்று எளிதாகிவிட்டது. தென்தமிழக ஆய்வுகள் அவ்வளவு எளிதாக அதைச் சொல்லவிடுவதில்லை. டேவிட் லட்டன் 1985-இல் வெளியிட்ட திருநெல்வேலி உழவர் வரலாறு, ஆற்றுப்பாசன நஞ்சை, குளத்துப் பாசனமும் மானாவாரியும் கலந்த நிலம், வறண்ட புஞ்சை என மாவட்டத்தைப் பிரித்துப் பார்க்கிறது. நஞ்சை வட்டாரத்தில் கோயிலும் பிராமண, வேளாள நிலவுடைமையும் பள்ளர் உழைப்பும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதையும் காட்டுகிறது. டேவிட் மாஸின் 2003-ஆம் ஆண்டு நூல் சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிக் குளங்களைப் பற்றியது. ஊர்கூடிக் குளம் காத்த பொற்காலம் என்ற படம் பெரும்பாலும் பிற்காலக் கற்பனை, நீர்நிருவாகம் எப்போதும் அதிகாரத்தோடு சேர்ந்தே நடந்தது என்பது அவர் முடிவு.

மாஸின் எச்சரிக்கையை நான் ஏற்கிறேன். ஆனால் பொற்காலம் இருந்ததில்லை என்பதால் அந்த ஏற்பாடுகளில் கற்க ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. தாமிரபரணியின் கால்களைப் பார்த்தால் இது விளங்கும்.

தொன்மையின் இடம்

ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டினார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரியா விரிவாக அகழ்ந்தார். அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, 2004-இல் தொல்லியல் துறை மீண்டும் இறங்கியபோது 160-க்கும் மேற்பட்ட தாழிகள் கிடைத்தன. அப்போது வெளிப்பட்ட ஒரு பானை ஓட்டில் புடைப்பாக ஒட்டப்பட்ட உருவங்கள் உண்டு: ஒரு பெண், அருகே வாழையோ நெற்கதிரோ என்று கருதத்தக்க செடி, மீனைக் கவ்விய கொக்கு, மான், முதலை. கைப்பிடி அளவு மண்ணில் ஓர் ஆற்றங்கரை முழுவதும் அடங்கியிருக்கிறது. அதை வனைந்தவர் மீனையும் முதலையையும் ஒரே கரையில் பார்த்துப் பழகியவராகத்தான் இருக்க வேண்டும்.

பானை ஓட்டைவிட அந்தக் களம் அமைந்த இடம் இன்னும் கூடுதலாகப் பேசுகிறது. 114 ஏக்கர் பரப்புள்ள அந்த ஈமக்காடு ஆற்றின் தென்கரையில், உழவுக்கு உதவாத பாறைமேட்டில் இருக்கிறது. பாறையைக் குடைந்து தாழிகளை இறக்கியிருக்கிறார்கள். வெள்ளம் ஏறாத மேட்டை இறந்தவர்களுக்கு ஒதுக்கிவிட்டு, வண்டல் சேரும் தாழ்நிலத்தை விளைச்சலுக்கு விட்டிருக்கிறார்கள் என்று இதை வாசிக்க இடமிருக்கிறது. நிலத்தை எங்கே தொடுவது, எங்கே தொடாமல் விடுவது என்ற முடிவு அது.

இன்றைய பேச்சில் இந்த வாசிப்புக்கு இடம் குறைவு. சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் வெளியான இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை சிவகளை இரும்பை கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்குக் கொண்டுபோனது. இவை முக்கியமானவை, அறிவியல் முறைப்படி விவாதிக்கப்பட வேண்டியவை. ஆனால் ஆண்டுக்கணக்கில் மட்டும் கவனம் குவியும்போது ஆறு பின்னணிப் படமாகச் சுருங்கிவிடுகிறது. ஆதிச்சநல்லூரில் கண்ணாடித் தரைக்குக் கீழே தாழிகளைக் காணும் களக் காட்சியகம் 2023-இல் திறக்கப்பட்டது. நெல்லை ரெட்டியார்பட்டி மலைப்பகுதியில் பொருநை அருங்காட்சியகம் எழுந்தது. இரண்டையும் நான் மனமார வரவேற்கிறேன். கூடவே, அங்கே வரும் மாணவருக்குப் பானை ஓட்டு முதலையின் கதையோடு, இன்று அந்த ஆற்றில் கலப்பது என்ன என்பதும் சொல்லப்பட வேண்டும்.

கால்களின் நினைவு

கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று மேலிருந்து கீழாக எட்டு அணைக்கட்டுகள். இவற்றுள் கடைசியானது மட்டும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டது. மற்றவை அதற்கு முந்தியவை. ஆற்றை முழுதாக மறித்துத் தேக்கும் நோக்கம் இவற்றுக்கு இல்லை. குறுக்கே சாய்வாகப் போட்ட தாழ்வான கற்சுவர் நீரைக் காலின் தலைமதகுப் பக்கம் திருப்பிவிடும். மிஞ்சியது மேலே வழிந்து அடுத்த அணைக்கட்டுக்குப் போகும். வயலில் வடிந்த நீரும் ஆற்றுக்குத் திரும்பிக் கீழேயுள்ள ஊருக்கு உதவும். கோடகன் கால், பாளையங்கால், நெல்லைக் கால், மருதூர் மேலக்கால், கீழக்கால் என்று கால்கள் ஒவ்வொன்றும் பல குளங்களை நிரப்பிச் செல்கின்றன. ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்ததை நிரப்பும்.

இந்த அமைப்புக்குள் ஆண்டின் ஒழுங்கும் அடங்கியிருக்கிறது. தென்மேற்குப் பருவத்தை நம்பிக் கார், வடகிழக்குப் பருவத்தை நம்பிப் பிசானம். நெல்லை உழவர் இன்றும் பருவத்தை இப்படித்தான் சொல்கிறார்கள். எந்த மடையை எப்போது திறப்பது, முறைவைத்து விடும்போது எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, எந்த ஊர்க் குளத்துக்கு எந்தக் காலில் முன்னுரிமை என்பவை கல்வெட்டில் இருப்பதைவிட, மடை பார்ப்பவரின் தலைக்குள்ளும் வழக்காற்றிலும் இருந்தன. பண்பாட்டு நினைவு என்று நான் முதலில் கருதுவது இதைத்தான். இது தவறினால் அந்தப் பூவிலேயே பயிர் கருகும். அதனால் எவரும் இதை மறக்கத் துணியவில்லை.

முக்கூடற் பள்ளு இந்த உலகின் இலக்கியச் சான்று. தாமிரபரணியோடு சிற்றாறு கலக்கும் சீவலப்பேரிப் பகுதியே அதன் களம். மழை, ஆற்றுவெள்ளம், மீன்வகை, நெல்வகை, மாட்டுவகை, உழவுக்கருவி என அது அடுக்கும் பெயர்கள் ஒரு வேளாண் பதிவேட்டுக்கு நிகரானவை. பண்ணைக்காரனிடம் பள்ளன் படும் பாட்டையும் அதே நூல் காட்டுகிறது. நெல்லின் பெயர்களை எடுத்துக்கொண்டு தொழுவில் மாட்டப்பட்ட பள்ளனை விட்டுவிடுவது நேர்மையான வாசிப்பாகாது.

குடிமராமத்து பற்றிய பேச்சிலும் இதே கவனம் வேண்டும். காலையும் குளத்தையும் ஊரார் கூடித் தூர்வாரினார்கள் என்பது உண்மை. மண்வெட்டியோடு இறங்கியவர் யார், கரையில் நின்று மேற்பார்வை செய்தவர் யார் என்று கேட்டால் சாதி வரிசை வெளிப்படும். 1858-இல் சென்னை மாகாண அரசு கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றிக் குடிமராமத்தை நிலைநிறுத்த முயன்றது. ஊர் ஒழுங்கு தளர்ந்த இடத்தில் சட்டத்தின் வலுவைத் தேடியது அரசு. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் தொடங்கிய திட்டத்தில் வேலை பெரிதும் எந்திரத்துக்குப் போய்விட்டது. பழைய கட்டாயம் ஒழிந்தது நல்லதே. ஆனால் அதோடு சேர்ந்து, கால் எங்கே கரைகிறது, எங்கே தூர்கிறது என்று ஆண்டுதோறும் கண்ணால் பார்த்த அறிவும் போய்விட்டது. கட்டாயத்தைக் கழித்து அறிவை எடுத்துக்கொள்ளும் வழியை நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அறிவு போனதன் விளைவை ஸ்ரீவைகுண்டத்தில் பார்க்கலாம். கடைசி அணைக்கட்டு என்பதால் மேலிருந்து வந்த மணலும் வண்டலும் அதில் சேர்ந்து, எட்டடி ஆழத்துக்கு அமைந்த நீர்த்தேக்கம் பெரும்பாலும் தூர்ந்துபோனது. 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகே தூர்வாரும் வேலை தொடங்கியது. தூர்வாரும் பெயரில் மணல் வணிகம் நடக்கிறது என்ற குற்றச்சாட்டும் உடனே எழுந்தது. இதற்கிடையில் தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நாள் ஒன்றுக்கு 2 கோடி கேலன் எடுக்கும் திட்டம் (ஊரார் பேச்சில் '20 எம்.ஜி.டி.') பல்லாண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. அணைக்கட்டின் கொள்ளளவு குறையும்போது ஆலைக்குப் போகும் குழாய் சுருங்குவதில்லை. வடகால், தென்கால் உழவரின் முறைதான் சுருங்குகிறது. வழக்காற்று முன்னுரிமை எழுத்தில் இல்லாததால், எழுத்தில் உள்ள ஒப்பந்தம் வெல்கிறது.

படித்துறையில் யார்?

கல்மண்டபமும் படித்துறையும் தாமிரபரணிக் கரையின் அழகுகள். அகத்தியரின் சீடர் உரோமசர் மிதக்கவிட்ட ஒன்பது தாமரைகள் கரை ஒதுங்கிய இடங்களே நவகைலாயம் என்ற தலபுராணம், பாபநாசம் முதல் சேர்ந்தபூமங்கலம்வரை ஆற்றை ஒரே தொடராகப் பார்க்கவைக்கிறது. இன்றைய ஆற்றுப்படுகைத் திட்டமிடலுக்கும் இந்தப் பார்வை தேவை.

ஆனால் படித்துறை எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. மேலே யார் குளிப்பது, கீழே யார் குளிப்பது, யார் இறங்கவே கூடாது என்பது ஊருக்கு ஊர் வகுக்கப்பட்டிருந்தது. படித்துறையைச் சீரமைக்கும் போது அதன் கல்லை மட்டும் மீட்டால் போதாது. எல்லோரும் இறங்கும் துறையாக அது ஆக வேண்டும்.

கொக்கிரகுளம் பகுதியின் ஆற்றங்கரை இன்னொரு நினைவையும் சுமக்கிறது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற பேரணியின் மீது காவல்துறை தடியடி நடத்தியது. ஆற்றுக்குள் விரட்டப்பட்டவர்களில் பெண்களும் ஒரு குழந்தையும் உட்பட 17 பேர் இறந்தனர். ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் கட்சிகளும் அமைப்புகளும் ஆற்றில் மலர் தூவுகின்றன. நினைவுச் சின்னம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக இருக்கிறது. ஆற்றங்கரை மரபைப் பற்றிய எந்தப் பட்டியலும் இதை விட்டுவிட்டால் குறைப்பட்ட பட்டியலே. தேயிலைத் தோட்டம் இருந்தது இந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புக் காட்டில். அந்த உழைப்பும் இந்தச் சாவும் ஆற்றின் வரலாற்றுக்கு வெளியே இல்லை.

சடங்கு நினைவும் எப்போதும் ஆற்றுக்கு நன்மை செய்வதில்லை. பாபநாசத்தில் பரிகாரம் முடித்தவர்கள் உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிடும் வழக்கத்தால், ஆற்றடியிலிருந்து துணிகளைக் குவியல் குவியலாக வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது. பாவம் கழிக்கும் ஆறு என்ற நம்பிக்கை, கழிவைத் தாங்கும் ஆறு என்ற நடைமுறையாக மாறிவிட்டது. நம்பிக்கை கொண்டவர்களே இதற்கு மாற்று வழி காண வேண்டும். கரையில் ஒரு கூடை வைத்துத் துணியைப் பெற்றுக்கொள்வது எந்தச் சாத்திரத்துக்கும் குறை ஆகாது.

வெள்ளத்தை நினைத்தல்

நெல்லைக் குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே கட்டப்பட்டது. வரும் வெள்ளத்தைப் பிளந்து இரு பக்கமும் ஒதுக்குவதற்காக அதன் ஒரு முனை படகின் மூக்கைப் போல அமைந்திருக்கிறது. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்றால் உற்சவர் சிலையையும் உண்டியலையும் பொருள்களையும் மேலக்கோயிலுக்கு எடுத்துச் செல்வார்கள். நீர் வடிந்ததும் சேற்றைக் கழுவித் திரும்பக் கொண்டுவருவார்கள். கட்டடம் வெள்ளத்தை எதிர்த்து நிற்காமல் அதற்கு இடம் கொடுக்கிறது, பூசை முறையும் அதற்கேற்ப வகுக்கப்பட்டிருக்கிறது. கோயிலில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதை வைத்தே ஊரார் வெள்ளத்தின் அளவைச் சொல்வார்கள்.

1992 நவம்பரில் பெருவெள்ளம் வந்தது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவு மழை பதிவாகி, ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் நீரில் மூழ்கின. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. இரண்டுக்கும் இடையே 31 ஆண்டுகள்தான். அஸ்மன் சொல்லும் வாய்மொழி நினைவின் ஆயுளுக்குள் அடங்கும் காலம் அது. முந்தைய வெள்ளத்தைக் கண்டவர்கள் ஊர்தோறும் இருந்தார்கள். ஆயினும் அந்த இடைக்காலத்தில் குளங்களின் உட்பகுதியிலும் கால்களின் கரையிலும் வீடும் கடையும் அரசுக் கட்டடமும் எழுந்தன. நினைவு இருந்தது, வீட்டுமனை ஒப்புதலில் அதற்கு இடமில்லை. குறுக்குத்துறையில் அது பூசை முறையாகிவிட்டதால் செயல்பட்டது. நகரத் திட்டமிடலில் விதியாகாததால் வெறும் பேச்சாகவே நின்றது. 1992, 2023 வெள்ளக் கோடுகளை ஊர்தோறும் கல்லில் பொறித்து, அதற்குக் கீழே கட்டட அனுமதி இல்லை என்று விதிப்பது மரபுப் பணியாகவும் பேரிடர்த் தடுப்பாகவும் இருக்கும்.

கோரையும் மணலும்

பத்தமடையின் மெல்லிய கோரைப்பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குறியீடு பெயரைக் காக்கும், கோரையைக் காக்காது. பச்சைக் கோரையைக் கிழித்துக் காயவைத்து, ஓடும் ஆற்றுநீரில் சில நாள்கள் ஊறப்போட்டு, உப்பியதும் எடுத்து மீண்டும் காயவைத்து, நூலிழை போல மெலிதாக்கிய பிறகே தறியில் பாவோடு சேர்க்கிறார்கள். நெய்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். இந்தத் தொழிலுக்குக் கரையோர ஈரநிலமும் ஓடும் தூய நீரும் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் குறியீடு ஒட்டிய பாய் இருக்கும், பத்தமடைத் தொழில் இருக்காது.

ஆற்றுப்படுகை தாழ்ந்தால் கரையோர ஈரம் வற்றும், குடிநீர்த் திட்டங்களின் உறைகிணறுகளும் வற்றும். மணல் அள்ளுவதால் நடப்பது இதுவே. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த மூத்த பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில், தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை விதித்து 2010 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. வட்டார வரலாற்றை எழுதிவரும் முத்தாலங்குறிச்சி காமராசு, மண்டபங்களையும் படித்துறைகளையும் மீட்கவும் சாக்கடை கலப்பதைத் தடுக்கவும் வழக்குத் தொடுத்தார். 2024 நவம்பரில் நீதிபதிகள் நேரில் வந்து ஆற்றைப் பார்வையிட்டார்கள். இரு வழக்குகளிலும் மனுதாரர் அந்த ஆற்றின் கரையூர்க்காரர். நினைவு சட்டத்தின் மொழிக்கு மாறிய இடங்கள் இவை. எனினும் தீர்ப்புக்குப் பிறகு நாள்தோறும் காவல் காக்க நீதிமன்றத்தால் முடியாது. அதற்குக் கரையில் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு அதிகாரம் வேண்டும். நெல்லை நகருக்குள் நெல்லைக் காலும் பாளையங்காலும் சாக்கடையாகிக் கிடப்பது அத்தகைய பொறுப்பாளர் எவரும் இல்லாததால்தான்.

புதிய கால், பழைய முறை

தாமிரபரணி-கருமேனியாறு-நம்பியாறு இணைப்புக் கால்வாய் 2009-இல் தொடங்கி, 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கன்னடியன் காலிலிருந்து பிரிந்து 75 கிலோமீட்டர் செல்லும் இது, கடலில் கலக்கும் வெள்ளநீரைத் திசையன்விளை, சாத்தான்குளம் பகுதிகளின் வறண்ட நிலத்துக்குக் கொண்டுபோகிறது. லட்டன் பிரித்துக் காட்டிய நஞ்சைக்கும் புஞ்சைக்கும் இடையிலான எல்லை ஒரு காலால் கடக்கப்படுகிறது. தேரிக்காட்டு ஓரத்தில் பனையையும் கிணற்றையும் நம்பி வாழ்ந்தவர்களுக்கு இது நியாயமான பங்கு. நூற்றாண்டுகளாக ஆற்றின் வளம் ஒரு பக்கமே தங்கியிருந்தது.

ஆனால் வெள்ளநீர் எது என்பதை யார் முடிவு செய்வது? மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளின் கடைமடை வயல்கள் நிறைந்து, முகத்துவாரத்தில் உப்பு ஏறாமல் தடுக்கும் அளவு நீர் புன்னைக்காயலுக்குப் போனபிறகு மிஞ்சுவதா, அல்லது பாபநாசத்தில் மதகு திறக்கும் நாளில் ஆற்றில் ஓடுவது எல்லாமா? மழை குறைந்த ஆண்டில் பிசானத்துக்கு முதல் தண்ணீர் யாருக்கு? பழைய கால்களில் இதற்கு எழுதாத முறை இருந்தது. அதில் நிலமற்றவருக்குக் குரல் இருக்கவில்லை. புதிய காலுக்கு எழுதிய முறை வேண்டும். அதை வகுக்கும் குழுவில் நீர்வளத் துறைப் பொறியாளரோடு கடைமடை உழவரும், விவசாயக் கூலித் தொழிலாளரும், பத்தமடை நெசவாளரும், புன்னைக்காயல் மீனவரும், இப்போது புதிதாகக் கடைமடையாகியிருக்கும் சாத்தான்குளத்தாரும் உட்கார வேண்டும். ஆலைகளுக்குப் போகும் நீரும் அதே கணக்கேட்டில் வர வேண்டும். அடுத்த வறட்சி ஆண்டு வருவதற்கு முன்பே இந்த முறை எழுதப்பட்டு, எட்டு அணைக்கட்டுகளின் மதகுகளிலும் எல்லோரும் படிக்கும்படி ஒட்டப்பட வேண்டும்.